பழையதையும் பெட்டிக்குள் வையுங்கள்

மேல ஆவணி மூல வீதி,
மதுரை.

திரையில் சுட்டிக் கிளிக் செய்து கதையை நகர்த்தும் பழைய பாயிண்ட் அண்ட் கிளிக் விளையாட்டுகளைப் புதுக்கியும் விரித்தும் மறுபடி வெளியிடும் நிறுவனத்தாருக்கும், அங்கே உழைக்கும் ஓவியர்கள், எழுத்தாளர்கள், நிரலாளர்களுக்கும்,

வணக்கம்.

நான் மதுரையில் டி.டி.பி. கடை நடத்துகிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கண்ணீர் அஞ்சலி என்று இந்தப் பக்கத்து நல்லது கெட்டது பலவும் என் திரை வழியாகத்தான் அச்சுக்குப் போகும். ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அதே கணினியில் ஒரு மணி நேரம் விளையாடுவேன். இருபது வருடத்துக்கு மேலாக இந்தப் பழக்கம். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் மூன்று பேர் சேர்ந்துவிடுவார்கள். சிம்மக்கல்லில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் கூட்டாளி, திருமங்கலத்தில் இருந்து வரும் கணக்கு வாத்தியார், பதினொன்றாம் வகுப்புப் படிக்கும் என் தங்கச்சி மகள். மூன்று வாரமாக எங்களுக்குள் ஒரே பேச்சு. ஒரு விளையாட்டை விரிவாக்கி மறுபடி கொண்டுவரும்போது எது கூடுகிறது, எது காணாமல் போகிறது? பேசியதை உங்கள் காதிலும் போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

பேச்சு புரோக்கன் சோர்டில்தான் தொடங்கியது. இங்கிலாந்தின் யார்க் நகரில் இருக்கும் ரெவல்யூஷன் நிறுவனம் 1996-ல் வெளியிட்ட விளையாட்டு. பாரிஸில் ஒரு காபிக் கடை, கோமாளி வேடம் போட்ட ஒருவன், ஒரு பெட்டி, ஒரு குண்டுவெடிப்பு. வெளியே மேசையில் உட்கார்ந்திருந்த அமெரிக்கப் பயணி ஜார்ஜ் ஸ்டாபார்ட் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்திருக்கிறான். அங்கே பிடித்த நூல் இடைக்காலக் கிறிஸ்தவப் படையினரான டெம்ப்ளர் வீரர்களின் ரகசியம் வரை போகும். நான் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் படித்த கம்ப்யூட்டர் சென்டரில் அது இரண்டு சிடியாக இருந்தது. எனக்கு அப்போது ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். கீழே ஓடும் வரிகளை ஒரு நோட்டில் எழுதி, அகராதியில் பொருள் பார்த்து, மறுநாள் போய் அந்த இடத்தைத் தாண்டுவேன். பள்ளிக்கூடத்தில் வராத ஆங்கிலம் ஜார்ஜும், அவனோடு சேர்ந்து துப்புத் தேடும் பத்திரிகையாளர் நிக்கோவும் பேசிக்கொண்டதைக் கேட்டுத்தான் எனக்கு வந்தது.

அந்த விளையாட்டில் ஒரு ஆடு உண்டு. உலகம் முழுக்க விளையாடியவர்களுக்குத் தெரிந்த ஆடு. அயர்லாந்தில் லாக்மார்ன் என்ற கற்பனைக் கிராமம், இடிந்த கோட்டை, உள்ளே கட்டிப்போட்ட ஆடு. ஜார்ஜ் ஏணிப் பக்கம் போனால் முட்டித் தள்ளிவிடும். நான் நாலு நாள் மாட்டிக்கொண்டேன். அதற்குள் வீட்டுக்கு ஒரு பழைய கணினி வாங்கியிருந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்தில் இருந்து அப்பத்தா வந்து தங்கியிருந்தது. சின்ன வயதில் இருந்து ஆடு மேய்த்த மனுசி. எனக்குப் பின்னால் நின்று ரெண்டு தடவை பார்த்தது. அப்புறம் சொன்னது: "ஆட்ட ஏண்டா பாக்குற, கயித்தப் பாரு. எதுலயாச்சும் கயிறு சுத்திக்கிச்சுன்னா அது எங்கிட்டுப் போகும்?"

அங்கே ஓரமாகத் துருப்பிடித்த பண்ணைக் கருவி ஒன்று கிடந்தது. அதுவரைக்கும் அது என் கண்ணில் படவே இல்லை. ஜார்ஜ் முட்டு வாங்கி எழுந்திருக்கிற அந்த நேரத்தில் சட்டென்று அதைக் கிளிக் செய்தேன். ஆடு பாய்ந்தது, கயிறு அதில் சிக்கியது, வழி திறந்தது. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துத் தெரியாத அப்பத்தா தீர்த்த புதிர் அது. இந்த வகை விளையாட்டு எனக்கு ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று யாராவது கேட்டால், இந்த ஒன்றைத்தான் சொல்வேன். கை வேகம் பெரிதாகத் தேவை இல்லை, மொழி கூடக் கொஞ்சம் போதும். உலகத்தைக் கவனித்துப் பார்த்தவருக்கு இதில் இடம் உண்டு.

சரி, விரிவாக்கத்துக்கு வருகிறேன். 2009-ல் நிண்டெண்டோவின் வீ, டிஎஸ் விளையாட்டுக் கருவிகளுக்கும், அடுத்த வருடம் ஐபோனுக்கும் கணினிக்கும் டைரக்டர்ஸ் கட் என்ற பதிப்பு வந்தது. இதில் கதை ஜார்ஜில் தொடங்காது. பத்திரிகையாளர் நிக்கோ ஒரு பெரிய மனிதரைப் பேட்டி காணப் போகிற இடத்தில் தொடங்கும். நிக்கோவாகவே விளையாடும் பகுதிகள் புதிது, அவளுடைய அப்பாவைப் பற்றிய கதை புதிது. பேசும்போது வரும் முகங்களைச் சித்திரக்கதை ஓவியர் டேவ் கிப்பன்ஸ் வரைந்தார். நடந்ததைக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு, கேட்டால் படிப்படியாக வழி சொல்லும் உதவிக்குறிப்பு என்று வசதிகளும் சேர்ந்தன.

என் தங்கச்சி மகள் முதலில் விளையாடியது இதைத்தான். அவளுக்கு இதுதான் புரோக்கன் சோர்ட். "மாமா, எடுத்தவுடனே ஒரு பொண்ணு கேள்வி கேக்குறா, பூட்டைத் திறக்குறா, பயந்தும் ஓடல. எனக்கு அதனாலதான் பிடிச்சது" என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1996-ல் நிக்கோ புத்திசாலியாகத்தான் இருந்தாள், ஆனால் பெரும்பாலும் அவளைத் தேடி ஜார்ஜ் போவான், அவள் வீட்டில் இருப்பாள், தொலைபேசியில் தகவல் சொல்வாள். விரிவாக்கம் அவளை வீதிக்குக் கூட்டிவந்தது. அது நல்ல விரிவு. அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

மொபைல் கடைக்காரக் கூட்டாளிக்கும் இதே பதிப்புதான். ஆனால் அவருடைய காரணம் வேறு. ஒரு போனைக் கழற்றி ஹீட் கன் வைத்துவிட்டு அடுத்தவர் வருவதற்குள் பத்து நிமிடம் விளையாட வேண்டும், மாட்டிக்கொண்டால் குறிப்புப் பார்த்துவிட்டு நகர வேண்டும். நாள் முழுக்க ஒரு அறையிலேயே நின்று யோசிக்க அவருக்கு நேரம் ஏது? உதவிக்குறிப்பு இல்லாவிட்டால் பாரிஸைத் தாண்டியே இருக்க மாட்டேன் என்கிறார். குறிப்பு கொடுத்ததால் விளையாட்டு கெட்டுப்போயிற்று என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். வேண்டாதவர் அதைத் தொடாமல் இருக்கலாமே.

கணக்கு வாத்தியாருக்குத்தான் கோபம். மூலத்தில் ஜார்ஜ் சாகலாம். சிரியா மலை உச்சியில் கொலைகாரன் துப்பாக்கியோடு முன்னால் நிற்கும்போது நீங்கள் தாமதித்தால் கதை முடிந்துவிடும், சேமித்த இடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த இடத்தில் என் உள்ளங்கை வேர்த்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது. விரிவாக்கப் பதிப்பில் சாவே கிடையாது. எவ்வளவு நேரம் நின்றாலும் கொலைகாரன் காத்திருப்பான். சில உரையாடல்களும் காட்சிகளும்கூட வெட்டுப்பட்டன. "விரிவாக்கம்னு பேர் வச்சுட்டுக் குறைச்சா, அது என்ன கணக்கு?" என்று கேட்டார் வாத்தியார். எங்களில் யாரிடமும் பதில் இல்லை.

அவர் இன்னொன்றும் சொன்னார். அதில் எனக்கு இப்போதும் மனம் ஊசலாடுகிறது. மூலத்தில் எடுத்தவுடன் வெடி. ஜார்ஜுக்கு எதுவும் தெரியாது, நமக்கும் தெரியாது. நிக்கோ வந்து நிற்கும்போது இவளை நம்பலாமா என்று கூடத் தெரியாது. புதுப் பதிப்பில் நாம் ஏற்கெனவே நிக்கோவாக இருந்து பார்த்துவிட்டோம். அதனால் வெடிச் சத்தம் அந்த அளவு அதிரவில்லை, நிக்கோ மேல் சந்தேகமும் எழவில்லை. புதிதாகச் சேர்த்த பகுதியை நான் ரசித்தேன். ஆனால் அது முன்னால் வந்து உட்கார்ந்ததால் பழைய தொடக்கத்தின் அடி இளகிப்போனது. கதையில் ஒன்றைச் சேர்த்தால் பக்கத்தில் இருப்பதும் மாறிவிடும். இதைச் செய்தவர்களுக்கும் தெரிந்திருக்கும், தெரிந்தேதான் செய்திருப்பார்கள்.

பிறகு 2024-ல் ரீஃபோர்ஜ்டு என்ற பதிப்பு வந்தது. மிகத் துல்லியமான 4கே அளவில் பின்னணிகளைத் திரும்ப வரைந்திருக்கிறார்கள். விளையாடிக்கொண்டிருக்கும்போதே பழைய படத்துக்கும் புதிய படத்துக்கும் மாறி மாறிப் பார்க்கலாம். வாத்தியார் அதைப் பார்த்துக் குழந்தை மாதிரி ஆகிவிட்டார். ஒரே அறையை இருபது தடவை மாற்றிப் பார்த்தார். இது 1996 கதையைத்தான் எடுத்துக்கொண்டது, டைரக்டர்ஸ் கட்டில் சேர்த்தவை இதில் இல்லை. அன்றைக்கு என் தங்கச்சி மகள் முகம் வாடியது. "அப்ப நிக்கோவோட ஆரம்பம்?" என்றாள். 2009 பதிப்பில் வாத்தியாருக்குப் பிடித்தது இல்லை, 2024 பதிப்பில் அவளுக்குப் பிடித்தது இல்லை. ஒரு பதிப்பைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு பேரில் ஒருவர் இழக்க வேண்டியிருக்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான். சேருங்கள், தாராளமாகச் சேருங்கள். ஆனால் முதலில் வந்ததை எடுத்துவிடாதீர்கள். பழையதும் புதியதும் ஒரே விலைக்குள், ஒரே பெட்டிக்குள் இருக்கட்டும்.

என் தொழிலில் இது முதல் நாள் பாடம். ஒருவர் அக்கா கல்யாணப் பத்திரிகையைக் காட்டி, இதே மாதிரி தங்கச்சிக்கும் வேண்டும் என்பார். பழைய கோப்பைத் திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை வேறு பெயரில் சேமிப்பது. அப்புறம்தான் பெயரில், தேதியில், முகூர்த்தத்தில் கை வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அதை மறந்து ஒரு குடும்பத்தின் பத்திரிகை மேலேயே எழுதிவிட்டேன். மூன்று வருடம் கழித்து, அப்பா தவறிவிட்டார், அவர் கையால் திருத்திக் கொடுத்த அந்தப் பத்திரிகை ஒரு பிரதி வேண்டும் என்று அந்த வீட்டுப் பையன் வந்து நின்றான். என்னிடம் இல்லை. அவன் ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனான்.

உங்கள் துறையில் இதைச் சரியாகச் செய்தவர்கள் இருக்கிறார்கள். மங்கி ஐலண்டு முதல் பாகத்தின் 2009 பதிப்பில் ஒரு பொத்தானை அழுத்தினால் பழைய புள்ளிப் படங்கள் அப்படியே வந்து நிற்கும். டே ஆஃப் தி டென்டகிள் 2016-ல் மறுபடி வந்தபோதும் அந்த வசதி இருந்தது. டைரக்டர்ஸ் கட்டைக் கணினியில் வாங்கியவர்களுக்கு 1996 மூலத்தையும் பின்னால் சேர்த்துக் கொடுத்தார்கள். இது எங்கள் வாத்தியாருக்கு மூன்று வாரத்துக்கு முன்புதான் தெரிந்தது, பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிட்டது.

சறுக்கியதும் உண்டு. வெஸ்ட்வுட் 1997-ல் செய்த பிளேடு ரன்னர் விளையாட்டின் மூல நிரல் தொலைந்துபோனது. பழைய விளையாட்டுகளை இன்றைய கருவிகளில் ஓட்டும் ஸ்கம் வி.எம். என்ற இலவச நிரலின் தன்னார்வலர்கள் பல வருடம் உழைத்து அதை இன்றைய கணினியில் ஓட வைத்தார்கள். 2019-ல் அந்த வடிவம் கடைக்கு வந்தது. 2022-ல் மேம்படுத்திய பதிப்பு வெளியான அன்று, ஜிஓஜி என்ற இணையக் கடையில் பழையதைத் தனியாக வாங்க முடியாமல் போனது. புதியது மங்கலாகவும் பிழைகளோடும் இருக்கிறது என்று விளையாடியவர்கள் குரல் எழுப்பினார்கள். சீக்கிரமே பழையது தனி விற்பனைக்குத் திரும்பிவிட்டது. குரல் எழாமல் இருந்திருந்தால்? இதை நினைத்தால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஒரு விளையாட்டின் ஆயுள் அந்த வாரம் எத்தனை பேர் கோபப்பட்டார்கள் என்பதில் தொங்கக்கூடாது.

சின்ன விஷயமும் தொலையும். மங்கி ஐலண்டில் காட்டுக்குள் ஒரு மரக்கட்டை வரும். அதைப் பார்த்தால் 22-ஆம் டிஸ்க்கைப் போடு, 36-ஆம் டிஸ்க்கைப் போடு என்று கேட்கும். அப்படி டிஸ்க்குகளே கிடையாது, அது வேடிக்கை. நிறையப் பேர் உண்மை என்று நம்பி உதவி எண்ணுக்கு அழைத்ததால் சிடி பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். எடுத்ததற்குக் காரணம் இருக்கிறது, புரிகிறது. ஆனால் மூலத்தை வைத்திருந்தவர்களால்தான் இன்றைக்கு எங்களைப் போன்றவர்களுக்கு அப்படி ஒன்று இருந்ததே தெரிகிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது பழைய விஷயம். மதுரை சொக்கநாதரின் அறுபத்து நான்கு திருவிளையாடல்களை முதலில் பாடியவர் பெரும்பற்றப்புலியூர் நம்பி. பல தலைமுறை கழித்துப் பரஞ்சோதி முனிவர் அதே அறுபத்து நான்கையும் மதுரைக் காண்டம், கூடற் காண்டம், திருவாலவாய்க் காண்டம் என்று பிரித்து விரிவாகப் பாடினார். இரண்டிலும் கதைகளின் வரிசை ஒன்றல்ல. ஊருக்குள் பரவியது முனிவர் பாடியதுதான். ஆவணி மாதம் புட்டுத் திருவிழாவுக்குப் புட்டுத்தோப்பில் கூட்டத்தோடு நிற்கும்போது நாங்கள் நினைத்துக்கொள்வது அவர் சொன்ன கதையைத்தான். ஆனாலும் நம்பியின் நூலை யாரும் தூக்கிப்போடவில்லை. உ.வே. சாமிநாதையர் சுவடிகளை ஒப்பிட்டு அதை அச்சில் கொண்டுவந்தார். அதனால் ஒரு கதை முதலில் எப்படி இருந்தது, பிறகு எப்படி விரிந்தது என்று ஒருவர் இன்றைக்கு உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது. பின்னால் வந்தது பெரிதாக வளர்ந்ததால் முன்னது வேண்டாததாகிவிடவில்லை.

இன்னொரு வேண்டுகோள் இருக்கிறது. இது என் சொந்தத் தொழிலில் இருந்து வருவது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

போன வருடம் இலவசமாகக் கிடைத்த ஒரு பழைய விளையாட்டின் முதல் அறைக்கு மட்டும் தமிழ் வரிகள் போட்டுப் பார்த்தோம். தங்கச்சி மகள் மொழிபெயர்த்தாள், நான் எழுத்துரு வேலையைச் செய்தேன். தமிழில் எழுத்துகள் 247. ஆனால் அச்சில் அத்தனைக்கும் தனித்தனி வடிவம் தேவையில்லை. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு இவற்றைத் தனியாக வைத்துக்கொண்டால் ஒரு பைட்டுக்குள், 256 இடத்துக்குள் தமிழை அடக்கிவிடலாம். பாமினி எழுத்துருவும், 1999-ல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் குறியீடுகளும் அப்படித்தான் வேலை செய்தன. பழைய விளையாட்டுகளும் ஒரு பைட்டுக்கு ஒரு படம் என்றுதான் எழுத்தை வரைகின்றன. இரண்டும் கச்சிதமாகப் பொருந்தின. முதல் வரி திரையில் தமிழில் வந்தபோது என் தங்கச்சி மகள் கத்தின கத்தலில் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

புதிய எஞ்சினில்தான், அதாவது விளையாட்டை ஓட்டும் அடிப்படை நிரலில்தான், சிக்கல். இன்றைய பொதுக் குறியீடான யூனிகோடில் "கொ" என்பது முதலில் ககரம், அடுத்து ஒரு குறி. அந்தக் குறியைப் பிரித்து ஒரு பாதியை எழுத்துக்கு முன்னாலும் ஒரு பாதியைப் பின்னாலும் போட எஞ்சினுக்குத் தெரிய வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மனை மட்டும் மனதில் வைத்துச் செய்த எஞ்சினுக்கு அது தெரியாது. கொம்பு இடம் மாறி உட்காரும், நடுவில் புள்ளி வட்டம் முளைக்கும். படிக்கவே முடியாது. முப்பது வருடம் பழைய விளையாட்டில் தமிழ் எளிதாக நுழைகிறது, நேற்று வந்ததில் நுழைய மறுக்கிறது. இதைச் சரிசெய்யும் ஹார்ஃப்பஸ் போன்ற கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. விரிவாக்கப் பதிப்புக்காக எஞ்சினைப் பிரித்துப் போடும்போதே அதையும் சேர்த்துவிட்டால் எங்களுக்கு மட்டுமில்லை, இந்தி, வங்காளம், மலையாளம், தாய்லாந்து மொழி, அரபு எல்லோருக்கும் கதவு திறக்கும்.

தமிழில் நீங்களே மொழிபெயர்த்துத் தாருங்கள் என்று கேட்கவில்லை. அதற்கு எவ்வளவு செலவாகும் என்று எனக்குத் தெரியும், நானே எழுத்துக்குக் காசு வாங்குகிறவன். உரையாடல் வரிகளை ஒரு சாதாரண எழுத்துக் கோப்பாக வெளியே வைத்துவிட்டால் போதும். எழுத்துருவை மாற்ற விடுங்கள். மிச்சத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். விளையாடுகிறவர்கள் செய்த வேலையை ஏற்றுக்கொள்வது உங்களுக்குப் புதிதும் இல்லை. 1998-ன் கிரிம் ஃபாண்டாங்கோவில் மவுஸே கிடையாது. ரசிகர் ஒருவர் மவுஸில் விளையாடும்படி அதை மாற்றினார். 2015-ல் டபுள் ஃபைன் நிறுவனம் அதைப் புதுக்கி வெளியிட்டபோது அவர் செய்ததையே வாங்கி உள்ளே சேர்த்துக்கொண்டது. ரெவல்யூஷன் தன் பழைய விளையாட்டுகளின் நிரலை ஸ்கம் வி.எம். குழுவுக்குக் கொடுத்து உதவியது. அந்தப் பெருந்தன்மையால்தான் அவை இன்றைக்கும் எந்தக் கணினியிலும் ஓடுகின்றன. அதே கையை இன்னும் கொஞ்சம் நீட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அப்பத்தா இப்போது இல்லை. ஆட்டின் புதிரைத் தீர்த்துவிட்டு, "அவன் என்னடா சொல்றான்?" என்று ஜார்ஜைக் காட்டிக் கேட்டது. எனக்குப் பாதிதான் புரிந்தது, பாதியைச் சொன்னேன். மீதியை நானே இட்டுக்கட்டினேன். அன்றைக்கு ராத்திரி சாப்பிட்ட பிறகும் வந்து உட்கார்ந்து அடுத்து என்ன ஆச்சு என்று கேட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி மகள் 1996 மூலத்தைத் தொடங்கினாள். உதவிக்குறிப்பு இல்லை, ஜார்ஜ் சாகவும் செய்வான், நிக்கோவின் ஆரம்பமும் கிடையாது என்று எச்சரித்துதான் கொடுத்தேன். இப்போது அயர்லாந்தில் கோட்டை வாசலுக்கு வந்திருக்கிறாள். வாத்தியாரும் நானும் பின்னால் நின்றுகொண்டு வாயைத் திறக்காமல் இருக்கிறோம். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்திருக்கிறாள். ஒவ்வொரு வரியையும் தமிழில் எழுதிக்கொண்டே போகிறாள், முன்னூறு வரி தாண்டிவிட்டது. நீங்கள் கோப்பைத் திறந்து வைக்கும் நாளில் அந்த நோட்டு தயாராக இருக்கும்.

அன்புடன்,
மதுரையில் இருந்து ஒரு டி.டி.பி. கடைக்காரர்